பந்தியில் இடமில்லை, பசியில்லை என்று எழுதிக்கொள்

நம் ஊரில் ஒரு பேருந்து நிழற்குடை திறந்தாலே விழா உண்டு, பொன்னாடை உண்டு, 'வாழும் வள்ளலே' என்று நாற்பதடி ஃப்ளெக்ஸ் உண்டு. அமெரிக்கர்களுக்கு இந்தப் பண்பாடு பற்றாது. கொரோனா காலத்தில் பரிசோதனை யாருக்கு முதலில், தடுப்பூசி யாருக்குக் கடைசியில் என்ற மாபெரும் காரியத்தை நடத்திக் காட்டிய பெருமக்களை ஒரு மாலைகூடப் போடாமல் அனுப்பிவிட்டார்கள். அந்தக் குறையை நாமாவது தீர்ப்போம். மேடை தயார். பொன்னாடைகள் மடித்து வைக்கப்பட்டிருக்கின்றன. மைக் செட்காரரும் 'ஹலோ, ஹலோ, மைக் டெஸ்டிங்' சொல்லி முடித்துவிட்டார்.

முதல் பொன்னாடை, அப்போது சர்ஜன் ஜெனரல் என்ற நாட்டின் தலைமைச் சுகாதாரப் பதவியில் இருந்த டாக்டர் ஜெரோம் ஆடம்ஸுக்கு. 2020 ஏப்ரலில் சிகாகோ நகரம் தன் சாவுக் கணக்கை இனவாரியாகப் பிரித்துப் பார்த்தது. ஊரில் கருப்பினத்தவர் நூற்றுக்கு 30 பேர். கொரோனாவில் செத்தவர்களில் நூற்றுக்கு ஏறக்குறைய 70 பேர். லூசியானா மாநிலத்திலும் கிட்டத்தட்ட அதே கணக்கு. பேருந்து ஓட்டுகிறவர், முதியோர் இல்லத்தில் படுக்கை மாற்றுகிறவர், இறைச்சித் தொழிற்சாலையில் தோளோடு தோள் நின்று வெட்டுகிறவர், மற்றவர்கள் வீட்டில் உட்கார்ந்து ஆர்டர் போட்ட சாமானைக் கிடங்கில் நின்று கட்டுகிறவர் என்று, வீட்டில் உட்கார முடியாத வேலையெல்லாம் யார் தலையில் விழுந்திருந்ததோ அவர்கள் செத்தார்கள். இதைப் புரிந்துகொள்ள மருத்துவப் பட்டம் வேண்டாம். பட்டம் உள்ளவரோ வெள்ளை மாளிகை மேடையேறி வைத்தியம் சொன்னார்: மது, புகை, போதை மூன்றையும் விடுங்கள்; உங்களுக்காக இல்லாவிட்டாலும் வீட்டிலிருக்கும் தாத்தா பாட்டிக்காக விடுங்கள். கருப்பின வீடுகளிலும், லத்தீன் அமெரிக்க வம்சாவளியினரான லத்தீனோக்களின் வீடுகளிலும் தாத்தா பாட்டியை எப்படிச் செல்லமாகக் கூப்பிடுவார்களோ அப்படியே கூப்பிட்டும் காட்டினார். கேள்வி கிளம்பியதும், அறிவுரை எல்லா அமெரிக்கருக்கும்தான் என்றார். வைரஸ் சாராய வாடை பிடித்து வீடு தேடி வருகிறது என்ற இந்தக் கண்டுபிடிப்புக்கு நோபல் கொடுத்திருக்க வேண்டும். டாக்டர் ஆடம்ஸும் கருப்பினத்தவர்தான். செத்தவனைத் திட்டுவதற்குச் செத்தவனின் ஆளையே மேடையேற்றும் வித்தை நமக்கும் தெரியாததல்ல; அதற்கென்று உள்ளூர் பிரமுகர்கள் சிலருக்குத் தனியாகப் பொன்னாடை எடுத்து வைத்திருக்கிறேன், இன்னொரு நாள் போர்த்துவோம்.

அடுத்து வருபவர் ஒஹையோ மாநில செனட்டர் ஸ்டீவ் ஹஃப்மன். இவரும் டாக்டர், அவசர சிகிச்சைப் பிரிவில். 2020 ஜூனில், நிறவெறியைப் பொதுச் சுகாதார நெருக்கடி என்று அறிவிக்கலாமா என்பது பற்றி ஒரு விசாரணை. அங்கே இவருக்கு ஓர் அறிவியல் ஐயம் எழுந்தது. கருப்பினத்தவருக்குத் தொற்று அதிகமாக வருவதற்கு, அவர்கள் மற்றவர்களைப் போல ஒழுங்காகக் கை கழுவாததுதான் காரணமோ? நிற ஒதுக்கல் காலத்தில் குடிநீர்க் குழாய்க்கு மேலே பலகையில் எழுதி மாட்டிய அதே பழைய சொல்லால்தான் அம்மக்களைக் குறிப்பிட்டார். மருத்துவமனைகளுக்கு டாக்டர்களை அனுப்பும் நிறுவனம் அவரை வேலையிலிருந்து எடுத்துவிட்டது. ஏழே மாதம். 2021 ஜனவரியில் அவர் மாநில செனட்டின் சுகாதாரக் குழுவுக்குத் தலைவர். ஒரு நோயாளியையும் தொடவேண்டாம் என்று ஒரு கம்பெனி முடிவு செய்த கையில், மாநிலத்தின் நோயாளிகள் மொத்தப் பேரையும் பிடித்துக் கொடுத்தார்கள். 'கைகழுவிய செம்மல்' என்ற பட்டத்தை இவருக்கு வழங்குவதில் இந்த மேடை பெருமை கொள்கிறது.

கை கழுவுவதென்றதும் நினைவுக்கு வருகிறது. நவஹோ பூர்வகுடிகளின் நிலத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு வீட்டுக்குக் குழாய்த் தண்ணீர் கிடையாது. 2020 மே மாதம் தலைக்கணக்கில் நியூயார்க் மாநிலத்தைவிட அங்கே தொற்று அதிகமானது. இருபது விநாடி சோப்புப் போட்டுக் கழுவுங்கள் என்ற விளம்பரம் மட்டும் அந்த வீடுகளுக்கும் தவறாமல் போய்ச் சேர்ந்தது.

பரிசோதனைக்கு வருவோம். 2020 மார்ச் 11, ஓக்லஹோமா. யூட்டா ஜாஸ் கூடைப்பந்து அணியின் ஒரு வீரருக்குத் தொற்று. உடனே அணியோடு வந்த வீரர், பயிற்சியாளர், ஊழியர் என்று 58 பேருக்கு அன்றிரவே பரிசோதனை. நாடெங்கும் இருமலோடு வந்தவர்களிடம் 'கிட் இல்லை, போய்ப் படுங்கள்' என்று சொல்லிக்கொண்டிருந்த வாரம் அது. அந்த வீரர்களில் பலர் கருப்பினத்தவராயிற்றே என்று என்னைத் திருத்த வருபவருக்கு: பந்தைக் கூடையில் போட்டுக் கோடிகளைக் குவிக்கிற தோலுக்கு அந்த நாட்டில் என்றுமே விதிவிலக்கு உண்டு. ஒரு வாரம் கழித்து, செல்வாக்குள்ளவர்கள் வரிசையில் முந்துகிறார்களே என்று அதிபர் டிரம்பிடம் கேட்டார்கள். வாழ்க்கையின் கதையே அப்படித்தானோ என்னவோ என்ற பாவனையில் பதில் சொன்னார். இதற்காக அவரைத் திட்ட மாட்டேன். இந்த விவகாரம் முழுவதிலும் ஓர் அதிகாரபீடத்திலிருந்து வந்த ஒரே உண்மை அதுதான்.

பிறகு காரில் வந்து, காரில் உட்கார்ந்தபடியே மூக்கை நீட்டிவிட்டுப் போகும் நிலையங்கள் வந்தன. அருமையான ஏற்பாடு. கார் வேண்டும், அவ்வளவே. கூடவே பல இடங்களில் குடும்ப டாக்டரின் சீட்டும் வேண்டும். குடும்பத்துக்கு டாக்டர் இல்லாதவர், பேருந்தில் ஏறி வேலைக்குப் போகிறவர், அதே பேருந்தில் நோயை வாங்கிக்கொண்டு வந்தவர், அவர் என்ன செய்வார் என்று திட்டம் போட்டவர்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அவர்கள் யாரும் பேருந்தில் வருவதில்லையே. டென்னஸி மாநிலம் நாஷ்வில்லில் மூன்று நிலையங்களைத் திறக்கத் தயாராக வைத்திருந்தும் வாரக்கணக்கில் காலியாகக் கிடந்தன. பரிசோதனைக் கருவியும் கிடைக்கவில்லை, பாதுகாப்பு உடையும் கிடைக்கவில்லை.

ஃபிலடெல்ஃபியாவில் ஆலா ஸ்டான்ஃபோர்டு என்ற குழந்தைகள் அறுவை சிகிச்சை நிபுணர் காத்திருந்து பார்த்துவிட்டு, 2020 ஏப்ரலில் ஒரு வேனை வாடகைக்கு எடுத்தார். தேவாலயங்களின் கார் நிறுத்துமிடங்களில் நிறுத்தி, சீட்டும் கேட்காமல் காரும் கேட்காமல் கருப்பின மக்களுக்குப் பரிசோதனை செய்தார். தொடக்கத்தில் கைக்காசு. சக டாக்டர்கள் சேர்ந்தார்கள், கூட்டமைப்பானது. இவருக்கு நான் பொன்னாடை போர்த்தப்போவதில்லை. இந்த மேடையில் அவரை ஏற்றினால் அவருக்கு அவமானம். ஆனால் அந்த நகரத்தின் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். 2021 ஜனவரியில் நகராட்சி என்ன செய்தது என்று சொல்கிறேன்.

இடையில் ஒரு கருவியைப் பற்றி. 2021இல் நம் வீடுகளிலும் தெர்மாமீட்டருக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்ததே, விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்ஸிமீட்டர், அதுதான். தோலுக்குள் ஒளி பாய்ச்சி ரத்தத்தின் ஆக்ஸிஜனைக் கணக்கிடுகிறது. தோல் கருத்திருந்தால் அது கொஞ்சம் தாராளமாகக் கணக்குச் சொல்கிறது. குறைந்திருந்தாலும் 'நன்றாகத்தான் இருக்கிறாய்' என்கிறது. 2020 டிசம்பரில் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் வந்த ஆய்வு, கருவி கண்டுபிடிக்காமல் விட்ட ஆக்ஸிஜன் குறைவு வெள்ளை நோயாளிகளைவிடக் கருப்பின நோயாளிகளிடம் ஏறத்தாழ மூன்று மடங்கு என்றது. இந்தப் பிழை 1990 வாக்கிலேயே ஆய்விதழில் வந்துவிட்டது. முப்பது வருடம் ஒருவரும் அசையவில்லை. மூச்சுத் திணறுகிறது என்று ஒருவர் சொல்கிறார்; இல்லை, எண் 94 காட்டுகிறது, வீட்டுக்குப் போங்கள் என்கிறது ஆஸ்பத்திரி. நோயாளியின் வாயைவிடக் கருவியின் வாய் நம்பகமானதாம். கருவியைச் செய்தவர்கள் யாருடைய விரலை வைத்துச் சரிபார்த்தார்கள் என்பதை மட்டும் கேட்கக் கூடாது.

மேடையில் அடுத்த பெட்டி சியாட்டிலில் இருந்து வந்தது. அந்த ஊரில் பூர்வகுடி மக்களுக்கு வைத்தியம் பார்க்கும் சியாட்டில் இந்தியன் ஹெல்த் போர்டு என்ற அமைப்பு, பரிசோதனைக் கருவிகளும் பாதுகாப்புச் சாதனங்களும் கேட்டு அரசுகளுக்கு எழுதியது. வாரங்கள் போயின. ஒரு பெட்டி வந்தது. பிரித்தார்கள். உள்ளே பிணப் பைகள்.

கிருமி இருக்கிறதா என்று பார்க்கக் கருவி கேட்டார்கள். கட்டி எடுத்துப் போகப் பை அனுப்பினார்கள். தவறுதலாக வந்துவிட்டது என்று விளக்கம் சொன்னார்கள். இருக்கலாம். பெரியம்மையில் மொத்த மொத்தமாகச் செத்த மக்களுக்கு, அவர்கள் நிலத்தில் நின்றுகொண்டு, பிளேக் மாதிரி ஒன்று பரவும்போது பிணப் பையைத் தவறுதலாக அனுப்புகிறவனுக்கு நான் என்ன பட்டம் கொடுப்பது? அந்த அமைப்பின் ஆய்வுத் தலைவர் அபிகெயில் எக்கோ-ஹாக் அப்படி ஒரு பையை எடுத்துத் தன் மக்களின் மரபுப்படி ரிப்பன் வைத்த உடையாகத் தைத்தார். அந்தத் தையலுக்கு முன்னால் என் நக்கலெல்லாம் எந்த மூலைக்கு?

மைக்கைக் கொடுங்கள், தொடர்கிறேன். தடுப்பூசி வந்துவிட்டது.

2020 டிசம்பரில் வரிசை நிர்ணயித்தார்கள். மருத்துவப் பணியாளர்களுக்குப் பிறகு முதியவர்கள். பல மாநிலங்களில் 75 வயதுக்கு மேல். நியாயமாகத்தான் படுகிறது. கிழவர்கள்தானே அதிகம் சாகிறார்கள். இப்போது நாட்டின் நோய்த் தடுப்பு மையமே 2021 பிப்ரவரியில் வெளியிட்ட கணக்கைப் பக்கத்தில் வையுங்கள். 2020 முற்பாதி நிலவரப்படி வெள்ளையரின் சராசரி ஆயுள் 78. கருப்பினத்தவரின் ஆயுள் 72. கருப்பின ஆண்களுக்கு 68.3. ஆகவே ஐயா, உங்களுக்கு ஊசி நிச்சயம் உண்டு. செத்து ஏழு வருடம் ஆனதும் டோக்கனோடு வாருங்கள். 68இல் சாகிறவனை 75 வரிசையில் நிற்கச் சொல்லும் இந்த விதியில் எங்கும் நிறம் என்ற சொல்லே கிடையாது. சுத்தமான விதி. சட்டப் புத்தகத்தில் போட்டுப் பூசை செய்யலாம்.

விதி இது என்றால், இணையதளம் வாசல் காவலாளி. காலை ஆறு மணிக்கு முன்பதிவு திறக்கும், ஆறு ஐந்துக்கு முடியும். வேகமான இணையம், ஆங்கிலம், இரண்டு திரை, வேலை நேரத்தில் வேலை பார்க்காமல் பட்டனை அமுக்கிக்கொண்டிருக்கும் வசதி, இத்தனையும் இருந்தால் இடம் உறுதி. 2021 ஜனவரியில் நியூயார்க்கின் வாஷிங்டன் ஹைட்ஸ் பகுதியில், லத்தீனோ மக்கள் நிறைந்த, கொரோனா அடித்துப் போட்ட பேட்டையில், ஒரு பெரிய ஊசி மையம் திறந்தார்கள். வரிசையில் நின்றவர்களில் கணிசமானோர் புறநகர்களிலிருந்து வந்த வெள்ளையர்கள். அந்தப் பேட்டைக்காரர்கள் ஓரமாக நின்று வேடிக்கை பார்த்தார்கள். ஊரே சிரித்த பிறகு 60 சதவீத இடங்களை அக்கம்பக்கத்தாருக்கு ஒதுக்கினார்கள். கலிஃபோர்னியாவில் கருப்பின, லத்தீனோ மக்களுக்கென்று ரகசிய எண் கொடுத்தார்கள். அந்த எண் வாட்ஸப்பில் பரவுவதுபோல் பரவி, லாஸ் ஏஞ்சலஸின் வசதியான வீட்டுக்காரர்களின் கைக்குப் போனது. அவர்களும் மனசாட்சிக்காரர்கள்தான், ஜன்னலில் 'கருப்பின உயிர்களும் முக்கியம்' அட்டை வைத்த வீடுகளும் அவற்றில் இருந்திருக்கும் என்பது என் ஊகம். உயிர் முக்கியம் என்றுதான் எழுதினார்கள், ஊசி முக்கியம் என்று எழுதவில்லையே.

டல்லஸ் மாவட்டம் விவரமாக ஒரு வேலை செய்யப் பார்த்தது. ஏழைகள், கருப்பினத்தவர், லத்தீனோக்கள் நிறைந்த பகுதிகளின் அஞ்சல் எண்களுக்கு முன்னுரிமை. மறுநாளே டெக்சஸ் மாநில அரசு, அப்படியானால் உங்களுக்கு வரும் ஊசியைக் குறைப்போம் என்று கண்ணை உருட்டியது. மாவட்டம் பின்வாங்கியது. அஞ்சல் எண் பார்த்து ஊசி கொடுப்பது பாரபட்சமாம். சரி. ஃப்ளோரிடாவில் என்ன நடந்தது? பாம் பீச் மாவட்டத்தில் ஊசி விநியோகத்தைப் பப்ளிக்ஸ் என்ற பல்பொருள் அங்காடியிடம் தூக்கிக் கொடுத்தார்கள். கரும்பு வெட்டும் மக்கள், பெரும்பாலும் கருப்பினத்தவரும் லத்தீனோக்களும் வாழும் பெல் கிளேட், பஹோக்கீ ஊர்களில் அந்தக் கடையே கிடையாது. மிகப் பக்கத்துக் கடை 25 மைலுக்கு அப்பால். ஆனால் பிப்ரவரியில் மனாட்டீ மாவட்டத்தில் ஆளுநர் டிசான்டிஸ் 3,000 டோஸோடு முகாம் போட்டார். பணக்காரர்கள், பெரும்பாலும் வெள்ளையர், குடியிருக்கும் இரண்டே இரண்டு அஞ்சல் எண்களுக்கு. பெண் கவுன்சிலர் ஒருவர் முக்கியஸ்தர் பட்டியல் தயாரித்து அதில் தன் பெயரையும் சேர்த்துக்கொண்டது தெரிய வந்தது. கேள்வி கேட்டவர்களுக்கு ஆளுநர் சொன்ன பதிலின் சாரம்: வேண்டாமென்றால் வேறு மாவட்டத்துக்கு அனுப்பிவிடுகிறேன். அஞ்சல் எண் பார்ப்பது பாவமல்ல, எந்த எண்ணைப் பார்க்கிறாய் என்பதில் இருக்கிறது பாவ புண்ணியம்.

சிகாகோவின் முதல் கொரோனா ஊசி 2020 டிசம்பர் 15 அன்று லொரெட்டோ மருத்துவமனையில் போடப்பட்டது. மேற்குப் பகுதியில், ஆஸ்டின் என்ற கருப்பின வட்டாரத்தின் சின்ன ஆஸ்பத்திரி. பார்த்தீர்களா, கருப்பின மக்களிடமிருந்துதான் தொடங்குகிறோம் என்று கேமரா முன் பெருமை. மூன்றே மாதத்தில் அதே ஆஸ்பத்திரி நகரின் மத்தியிலுள்ள டிரம்ப் டவருக்குப் போய் ஊழியர்களுக்கு ஊசி போட்டது. ஆஸ்பத்திரியின் உயரதிகாரி ஒருவருக்கு அந்த டவரில் வீடு. அங்கே வேலை செய்பவர்களும் பெரும்பாலும் கருப்பின, லத்தீனோ மக்கள்தானே என்றது நிர்வாகம். சரி, ஆடம்பர நகைக்கடை ஊழியர்களுக்கும் மாவட்ட நீதிபதிகளுக்கும் போட்டீர்களே? ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்று நம் பாட்டிகள் சொன்னது இந்த ஆஸ்பத்திரியைப் பார்த்துத்தானோ!

இப்போது ஃபிலடெல்ஃபியா. நகரத்தின் பிரம்மாண்ட ஊசி மையத்தை நடத்தும் பொறுப்பை யாருக்குக் கொடுத்தார்கள்? ஒன்பது மாதமாகத் தெருவில் நின்ற கருப்பின டாக்டர்களுக்கு என்று நினைப்பீர்கள். 22 வயது பட்டமேற்படிப்பு மாணவர் ஒருவர் தலைமையிலிருந்த குழுவுக்குக் கொடுத்தார்கள். மருத்துவம் படித்தவரா? இல்லை. தொண்டு அமைப்பு என்று சொல்லி உள்ளே வந்த குழு, சத்தமில்லாமல் லாப நோக்கு நிறுவனமாக மாறியது. பதிவு செய்தவர்களின் விவரங்களை விற்க இடம் கொடுக்கும் ஒரு விதியும் அவர்கள் இணையதளத்தில் தலைகாட்டியது. முன்பதிவோடு வந்த முதியவர்களைத் திருப்பி அனுப்பிய மையத்திலிருந்து அந்தத் தம்பி ஊசியை வீட்டுக்கு எடுத்துப்போய் நண்பர்களுக்குப் போட்டார். தொலைக்காட்சியில் தானே ஒப்புக்கொண்டார். மையம் திறந்த மாதமே நகராட்சி உறவை முறித்துக்கொண்டது. ஸ்டான்ஃபோர்டின் கூட்டமைப்பு பிப்ரவரியில் ஒரு கல்லூரி அரங்கில் 24 மணிநேரம் இடைவிடாமல் முகாம் நடத்தியது. ஃபிலடெல்ஃபியாக் குளிரில் மக்கள் வரிசை கட்டி நின்றார்கள். ஏறத்தாழ 4,000 பேர்.

இந்தப் பொன்னாடைகளுக்கு நடுவே கனடாவை விட்டுவிட்டால் கோபித்துக்கொள்வார்கள். பீவர் கிரீக் என்பது யூகான் பிரதேசத்தின் கடைக்கோடி. நூறு பேர் வாழும் பூர்வகுடி ஊர். அங்குள்ள முதியோருக்காக 2021 ஜனவரியில் நடமாடும் ஊசிக்குழு போனது. வான்கூவரிலிருந்து சூதாட்ட விடுதி நிறுவனத் தலைவர் ஒருவரும் மனைவியும் கிளம்பினார்கள். முந்தைய ஆண்டுகளில் ஒன்றில் மட்டும் ஒரு கோடி டாலருக்கு மேல் சம்பாதித்தவர். தனி விமானம் பிடித்து அந்த ஊரில் இறங்கி, உள்ளூர் மோட்டலில் வேலை செய்கிறோம் என்று சொல்லிக் கையை நீட்டி ஊசி போட்டுக்கொண்டார்கள். போட்ட கையோடு விமானநிலையத்துக்கு வண்டி கேட்டதில் மாட்டிக்கொண்டார்கள். அபராதம் ஆளுக்கு 1,150 கனடிய டாலர். விமானச் செலவில் ஓரத்துக்குக்கூடக் காணாது. கோடீஸ்வரன் ஒருவன் வாழ்நாளில் ஒரே ஒருமுறை கூலித் தொழிலாளியாக இருக்க ஆசைப்பட்டான், அதுவும் பூர்வகுடிக் கிழவியின் ஊசிக்காக. 'உழைப்பாளர் திலகம்' என்ற பட்டத்தை இவருக்கு ஒதுக்கியிருக்கிறேன்.

அமெரிக்காவில் முதல் ஒரு மாதக் கணக்கு வந்தது. ஊசி போட்டுக்கொண்டவர் சுமார் 1 கோடியே 29 லட்சம். அதில் பாதிப் பேருக்கு இனம் என்ன என்பதையே எழுதிக்கொள்ளவில்லை. எழுதிக்கொண்டவர்களில் கருப்பினத்தவர் 5.4 சதவீதம், மக்கள்தொகையில் அவர்கள் அதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். உடனே கருத்தரங்கு கூடியது, நிபுணர்கள் வந்தார்கள், டிவி விவாதம் நடந்தது. ஏன் அவர்களுக்கு ஊசி போகவில்லை? ஒரே குரலில் விடை வந்தது: அவர்களுக்குத் தயக்கம்.

அடடா. பந்தியில் இலை போடவில்லை, வாசலைப் பூட்டிவிட்டீர்கள், பக்கத்துத் தெருக்காரன் இவன் இலையில் உட்கார்ந்து மூன்றாம் முறை பாயசம் வாங்குகிறான். கணக்குப்பிள்ளையோ நோட்டில் எழுதுகிறார்: 'இவர்களுக்குப் பசியில்லை.'

தயக்கமே இல்லை என்று சாதிக்க மாட்டேன். இருந்தது. இல்லாமல் எப்படி இருக்கும்? அலபாமாவின் டஸ்கீகியில் 1932 முதல் 1972 வரை நாற்பது வருடம், அரசின் பொதுச் சுகாதாரத் துறை மேகநோய் கண்ட 399 கருப்பின ஆண்களை வைத்து, நோய் முற்றினால் என்ன ஆகும் என்று வேடிக்கை பார்த்தது. உங்களுக்குக் கெட்ட ரத்தம், வைத்தியம் பார்க்கிறோம் என்று பொய் சொன்னது. 1947 வாக்கில் பென்சிலின்தான் மருந்து என்று உலகத்துக்கே தெரிந்த பிறகும் கொடுக்கவில்லை. பதிலுக்குச் சாப்பாடு கொடுத்தது, சவ அடக்கச் செலவைக் கொடுத்தது. அறுத்துப் பார்க்க உடல் வேண்டுமே. பத்திரிகையில் வெளிவந்த பிறகுதான் நிறுத்தினார்கள். 1997இல் கிளின்டன் மன்னிப்புக் கேட்டார்.

இதைவிட வயிற்றெரிச்சல் ஒன்று உண்டு. 1951இல் பால்டிமோரில் கருப்பைவாய்ப் புற்றுநோயால் இறந்த ஹென்ரியெட்டா லாக்ஸ் என்ற கருப்பினப் பெண்ணின் செல்களை அவரைக் கேட்காமல் எடுத்தார்கள். அவை சாகாமல் பெருகின. சால்க்கின் போலியோ தடுப்பூசியைச் சோதிக்க அந்தச் செல்கள் மூட்டை மூட்டையாகத் தேவைப்பட்டன. அவற்றை வளர்த்து அனுப்பிய கூடம் எங்கே இருந்தது தெரியுமா? அதே டஸ்கீகியில், கருப்பினக் கல்லூரியில், கருப்பின விஞ்ஞானிகளின் கையில். ஊரின் ஒரு பக்கம் கருப்பின உடலும் உழைப்பும் உலகக் குழந்தைகளைக் காப்பாற்றிக்கொண்டிருந்தன. மறுபக்கம் மருந்து மறுக்கப்பட்ட ஆண்கள் அழுகிக்கொண்டிருந்தார்கள். அவர்களின் பேரப்பிள்ளைகளிடம் போய் 'உங்களுக்கு அறிவியலில் நம்பிக்கை குறைவு' என்று பாடம் நடத்த எவ்வளவு தோல் தடிப்பு வேண்டும்! மாடர்னா ஊசியின் பின்னால் நின்ற ஆய்வாளர்களில் ஒருவரான கிஸ்மெக்கியா கார்பெட்டும் கருப்பினப் பெண்தான்.

தயக்கத்தின் சரித்திரத்தையே எடுத்தால் இன்னும் வேடிக்கை. பெரியம்மைக்கு எதிராக அம்மைச் சீழைக் கீறி ஏற்றும் முறையைப் பாஸ்டனுக்குச் சொல்லிக்கொடுத்தவர் ஒனேசிமஸ், ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட அடிமை. அவரிடமிருந்து கற்றுக்கொண்ட பாதிரியார் காட்டன் மேத்தர் 1721இல் அதைப் பரப்ப முயன்றபோது, தயங்கிய பாஸ்டன்காரர் ஒருவர் மேத்தரின் வீட்டு ஜன்னல் வழியே குண்டு வீசினார். வெடிக்கவில்லை. முந்நூறு ஆண்டு கழித்துத் தயக்கம் என்றால் யார் முகம் விளம்பரத்தில் வருகிறது பாருங்கள்.

வாசலைத் திறந்த இடங்களில் என்ன ஆயிற்று? அலபாமாவின் பனோலா என்ற குக்கிராமத்தில் மளிகைக்கடை நடத்தும் ஒரு கருப்பின அம்மாள், ஊசி போடுகிறவர்களைத் தன் ஊருக்கே வரவழைத்து, வீடு வீடாகப் போய்ப் பெயர் எழுதினார். நாட்டிலேயே மிகக் குறைவாக ஊசி போட்ட மாநிலங்களில் ஒன்றில் அந்த ஊர் மட்டும் ஏறக்குறைய எல்லோரும் போட்டுக்கொண்ட ஊரானது. ஓக்லஹோமாவில் செரோக்கி மக்கள் ஊசி தங்கள் கைக்கு வந்ததும், தங்கள் தாய்மொழியைச் சரளமாகப் பேசும் முதியவர்களை முன்வரிசையில் நிறுத்தினார்கள். மொழி செத்துவிடக் கூடாதென்று. நம்மில் மொழிக்காக மேடையில் தொண்டை கிழிப்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம். 2021 செப்டம்பரில் கேஎஃப்எஃப் என்ற சுகாதார ஆய்வு அமைப்பு கணக்கெடுத்தது. ஒரு டோஸாவது போட்டவர்கள்: வெள்ளையரில் 71 சதவீதம், கருப்பினத்தவரில் 70, லத்தீனோக்களில் 73. அதே கணக்கில் ஜனநாயகக் கட்சியினர் 90 சதவீதம், குடியரசுக் கட்சியினர் 58.

அப்போதுதான் கண்டோம் உண்மையான தயக்கத்துக்குக் கிடைக்கும் ராஜ மரியாதையை. கருப்பினத்தவர் தயங்கினால் அறியாமை. கிராமத்து வெள்ளையர் தயங்கினால் தனிமனித சுதந்திரம், தத்துவம், அரசியல் சாசனம். முதலாமவருக்குப் பாடம் எடுத்தார்கள். இரண்டாமவரைத் தாஜா செய்தார்கள். நியூ ஜெர்சியில் ஊசி போட்டால் பீர் இலவசம். ஒஹையோவில் பத்து லட்சம் டாலர் லாட்டரி, ஐந்து பேருக்கு. வாஷிங்டன் மாநிலத்தில் கஞ்சாச் சுருட்டு. மேற்கு வர்ஜீனியாவில் குலுக்கல் பரிசாக வேட்டைத் துப்பாக்கி. ஜனவரிக் குளிரில் ஊசி இருக்கிறதா என்று கெஞ்சிக் கேட்ட பேருந்து ஓட்டுநருக்குக் கிடைத்தது, காத்திருக்கும்போது தொலைபேசியில் கேட்ட சங்கீதம். வேண்டவே வேண்டாம் என்றவனுக்கு ரைபிள். 2020 ஏப்ரலில் மதுவை விடச் சொன்ன அதே தேசம், அடுத்த ஆண்டு மே மாதம் ஊற்றிக் கொடுத்தது.

கொரோனா புதுசு, அவசரம், பழக்கமில்லை, அதனால் பிழை நேர்ந்தது என்பார்கள். சரி. 2022இல் குரங்கம்மை வந்தது. பழைய நோய், ஊசிக்கு 2019லேயே அமெரிக்க அனுமதி. நியூயார்க் என்ன செய்தது? ஜூன் 23 அன்று காலை அறிவித்து, அன்றே வேலைநாள் பகலில், செல்சி என்ற வசதியான பகுதியில் ஒரே ஒரு கிளினிக்கில் போட்டது. சில மணிநேரத்தில் தீர்ந்தது. ஆகஸ்டில் நாட்டளவில் கணக்கு வந்தபோது, நோய் கண்டவர்களில் மூன்றில் ஒரு பங்கு கருப்பினத்தவர், ஊசி பெற்றவர்களில் பத்தில் ஒரு பங்கு.

அந்த நோயை மனிதரிடம் முதன்முதலில் கண்டது 1970இல், காங்கோவில், ஒரு குழந்தையிடம். அன்று முதல் அங்கே குழந்தைகள் செத்துக்கொண்டுதான் இருந்தார்கள். நியூயார்க்கில் தலைகாட்டிய சில வாரங்களிலேயே அந்நகரில் ஊசி வரிசை தொடங்கிவிட்டது. கின்ஷாசாவில் முதல் ஊசி விமானம் இறங்கியது 2024 செப்டம்பர் 5 அன்று. அதில் வந்தது ஏறத்தாழ ஒரு லட்சம் டோஸ். நாட்டின் மக்கள்தொகை பத்து கோடிக்கு மேல். இனி காங்கோ மக்களுக்கு ஊசி மீது தயக்கம் இருக்கிறதா என்று ஆய்வு நடத்த யாராவது நிதி ஒதுக்குவார்கள். அதற்கு மட்டும் பற்றாக்குறை வராது.